பூட்டுவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தாய்?

“ஏம்மா, ஒரு ஸ்கிரீனப் பூட்டறதுக்குக் காலேஜ் படிச்ச பொண்ணு எதுக்கு? ஒரு துண்டப் போட்டு மூடிட்டா போவுது.”

விழுப்புரத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்தும் ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னது இது. கணினி பழுது பார்க்கும் நம் திண்டிவனம் அலுவலகத்துக்கு நான் அப்போது புதிது. இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே மேசை, ஒரு பக்கம் சாயும் அதே நாற்காலி. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. “துண்டு போட்டா யார் வேணா தூக்கிப் பாப்பாங்க சார்” என்று சொல்லிவிட்டு அவருடைய நிலையத்துக் கணினியின் முன்னால் உட்கார்ந்தேன்.

விழுப்புரத்தில் தொடங்கும் நம் கிளைக்குப் பொறுப்பாளராகப் போகிறேன். போவதற்கு முன் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதி வைக்கும்படி நம் முதலாளி கேட்டார். லினக்ஸ் எப்படி நிறுவுவது, பழைய பிரின்டரை எப்படிப் பேச வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்; தெரியாவிட்டால் தேடினால் கிடைக்கும். தேடினால் கிடைக்காத ஒன்றை எழுதுகிறேன். எல்லோரும் கத்திக்கொண்டிருக்கும்போது யாரிடம் என்ன கேட்பது என்பது அது.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு விஷயம். எனக்கு ஊர் பெருமுக்கல். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தில் பெயர் எழுதப்பட்ட முதல் ஆள் நான். அப்பா அம்மா இருவரும் நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பயிர் வைப்பவர்கள். இதை இரக்கம் தேடிச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன். கல்லூரியில் சேர்ந்தபோது என் விண்ணப்பத்தைக் கவுண்டரில் இருந்தவர் திருப்பித் தள்ளி, “தப்பா இருக்கு” என்றார். எது தப்பு என்று கேட்டேன். “படிச்சிப் பாரு” என்றார். வீட்டில் கேட்க ஆள் இல்லை. தவறு என்று மட்டும் சொல்லி, எது தவறு என்று சொல்லாத ஓர் இடத்தின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போகும் கதைக்கு அது தேவைப்படுகிறது.

அந்தப் பரிசோதனை நிலையத்துக்குத் திரைப்பூட்டு ஏன் தேவைப்பட்டது என்று சொல்கிறேன். கவுண்டரில் ஷமீமா என்ற பெண் வேலை பார்த்தாள். கோட்டக்குப்பத்துக்காரி. புதுச்சேரியில் பஸ் மாறி தினமும் வருவாள். லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, அனுபவச் சான்றிதழுக்காக அங்கே சேர்ந்திருந்தாள். நோயாளிகளின் பெயரைப் பதிவது, முடிவுகளை அச்சிட்டுக் கொடுப்பது அவள் வேலை. பிரின்டர் உள் அறையில் இருந்தது. அச்சான தாளை எடுக்க அவள் எழுந்து போகும்போதெல்லாம் கவுண்டர் திரை திறந்தே கிடக்கும்.

ஒரு நாள் அப்படிக் கிடந்தபோது, கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு மருமகளின் கர்ப்பப் பரிசோதனை முடிவு திரையில் இருந்தது. இல்லை என்று முடிவு. வரிசையில் நின்ற அவளுடைய ஊர்க்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, அங்கிருந்தே ஊருக்குப் போன் போட்டுவிட்டார். அந்தப் பெண் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது. தான் சொல்ல வேண்டிய செய்தியை அவள் மற்றவர்கள் வாயிலிருந்து கேட்டாள்.

அவளுடைய கொழுந்தன் வந்து கவுண்டரில் கத்திவிட்டுப் போனார். நிலையத்தின் உரிமையாளர் அவரைச் சமாதானப்படுத்த ஒரே ஒரு வழி கண்டுபிடித்தார். “அந்தப் பொண்ண நிறுத்திடறேன்.”

நான் வேறு ஏதோ பழுது பார்க்கப் போயிருந்தபோது ஷமீமாவே இதை என்னிடம் சொன்னாள்.

“ரிப்போர்ட்ட வெளிய உட்டவளுன்னு பேரு வந்துட்டா விழுப்புரத்துல எந்த லேப்புக்காரங்கக்கா என்ன சேத்துப்பாங்க? வீட்ல வேற, அத்தாவும் அண்ணனும் துபாய்லேர்ந்து போன் பண்றப்பல்லாம் ‘எதுக்கு இந்த அலைச்சல்’னுதான் ஆரம்பிக்கிறாங்க. வேணாம்னு சொல்ல ஒரு காரணத்துக்குக் காத்துக்கினு இருக்காங்க. இதவிட நல்ல காரணம் கெடைக்குமா?”

நான் உரிமையாளரிடம் போய்ப் பேசினேன். எழுந்து போகும்போது ஒரே விசையில் திரை மறைய வேண்டும். அப்படி ஒன்று போட்டுத் தருகிறேன். அதுவரை அவளை நிறுத்தாதீர்கள் என்றேன். அப்போதுதான் அந்தத் துண்டுப் பேச்சு வந்தது. சிரித்து முடித்துவிட்டு அவர் நிபந்தனையையும் சொன்னார்.

“சரி, போடு. வேலை செஞ்சா ரெண்டும் இருக்கட்டும். தகராறு பண்ணுச்சுன்னா பூட்டும் வேணாம், அந்தப் பொண்ணும் வேணாம்.”

இப்படித்தான் ஒரு மனுஷியின் வேலை ஒரு சின்ன நிரலின் தலையில் வந்து உட்கார்ந்தது.

அந்தப் பழைய கணினிகளில் டெஸ்க்டாப்புடன் வரும் பூட்டு எழுந்து வருவதற்குள் தாள் அச்சாகிவிடும். அதனால் யாரும் அதைத் தொடுவதில்லை. வெளிநாட்டில் ஒருவர் எழுதி இலவசமாக வெளியிட்டிருந்த ஓர் எளிய பூட்டை எடுத்தேன். அதில் படம் கிடையாது, கடிகாரம் கிடையாது, எழுத்தே கிடையாது. பூட்டினால் திரை கறுப்பு. கடவுச்சொல் அடிக்கத் தொடங்கினால் நீலம். தப்பாக அடித்தால் சிவப்பு. அவ்வளவுதான். எட்டிப் பார்ப்பவனுக்கு அதில் படிக்க ஒன்றுமே இல்லை என்பது எனக்குப் பிடித்தது. எல்லாக் கணினிகளிலும் போட்டு, எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். “எழுந்தா பூட்டு” என்பது மட்டும்தான் பாடம்.

ஷமீமா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். தும்மினால்கூடப் பூட்டுகிறாள் என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள்.

பிறகு ஒரு காலை நேரத்தில் போன் வந்தது. நான் திண்டிவனத்தில் இருந்தேன்.

“ஏம்மா, உன் பூட்டு தொறக்க மாட்டேங்குது! ஜனங்க வெறும் வயித்துல வந்துக்கினு நிக்கிறாங்க. ஒரே பேஜாராப் போச்சு.”

“ஸ்கிரீன்ல என்ன தெரியுது சார்?”

“இன்னா தெரியும்? செவப்பு தெரியுது. இந்தப் பொண்ணு பாஸ்வேர்ட மறந்துட்டு முழிச்சிக்கினு நிக்குது.”

பின்னால் ஷமீமாவின் குரல். “மறக்கல சார்! சத்தியமா மறக்கல!”

“நீ அங்கேர்ந்தே தொறக்கலாம்னு சொன்ன இல்ல? ஜல்தியாத் தொறந்து உடு. இல்லன்னா நான் ஒயரப் புடுங்கிடுவேன்.”

“ஒயர மட்டும் புடுங்காதீங்க சார். மெஷின்ல சாம்பிள் ஓடிக்கினு இருக்கு இல்ல? ரிசல்ட் வந்து உழறது அந்த சிஸ்டத்துலதான். ஸ்கிரீன் பூட்டியிருந்தாலும் உள்ள வேலை நடந்துக்கினுதான் இருக்கு. புடுங்கினா இப்ப குத்தினவங்கள எல்லாம் திரும்பக் குத்தணும்.”

“அப்ப நீயே தொறயேன்!”

திறந்திருக்கலாம். அதற்குள் நான் இணையம் வழியாக அந்தக் கணினிக்குள் நுழைந்துவிட்டிருந்தேன். பூட்டை நிறுத்தும் கட்டளையை அடித்தும் வைத்துவிட்டேன். என்டர் தட்டுவதுதான் பாக்கி. நான் தட்டவில்லை. ஏன் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இங்கிருந்து நான் திறந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும், ஆனால் பழி அப்படியே நிற்கும். ‘அந்தப் பொண்ணு மறந்துடுச்சு, திண்டிவனத்துலேர்ந்து தொறந்து உட்டாங்க’ என்பதுதான் அன்றைய கணக்காக நிலைக்கும். ஏன் திறக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாத பழுது மறுநாளும் வரும். அன்றைக்கு அவள் அங்கே இருக்க மாட்டாள். இன்னொன்றும் உண்டு. போனில் ஒருவர் சத்தம் போட்டால் பூட்டு திறக்கும் என்று அந்த அறையில் நின்ற அத்தனை பேரும் தெரிந்துகொள்வார்கள். அதற்குப் பிறகு அது பூட்டே இல்லை.

அதே சமயம், பசியோடு நிற்பவர்களை என் நியாயத்துக்காகக் காக்க வைக்கவும் எனக்கு உரிமை இல்லை.

“சார், போன ஷமீமா கிட்ட குடுங்க.”

“அது இன்னா சொல்லப்போவுது? மறந்துட்டேன்னு சொல்லும்.”

“ஒரு நிமிஷம் குடுங்க சார். முடியலன்னா அடுத்த நிமிஷம் நானே தொறந்துடறேன்.”

முனகிக்கொண்டே கொடுத்தார். ஷமீமாவின் குரல் உடைந்திருந்தது.

“அக்கா, என் பேர மறந்தாலும் அத மறக்க மாட்டேன்க்கா. அடிக்க அடிக்க ரெட்டு ரெட்டுன்னு மூஞ்சிலயே அடிக்குது. எல்லாரும் என்னயே பாக்கிறாங்க.”

“நீ மறக்கலன்னு எனக்குத் தெரியும். பாஸ்வேர்ட சத்தமா சொல்லிடாத, கூட்டம் நிக்குது. பூட்டறதுக்கு முன்னாடி என்ன பண்ணிக்கினு இருந்த? அத மட்டும் சொல்லு.”

“பிரின்ட் எடுக்கப் போனேன்.”

“அதுக்கும் முன்னாடி.”

“ஒரு அம்மாவோட பேர அடிச்சிக்கினு இருந்தேன். பாதிதான் அடிச்சேன், அதுக்குள்ள உள்ள கூப்ட்டாங்க. பூட்டிட்டுப் போய்ட்டேன். நீங்கதான எழுந்தா பூட்டுன்னு சொன்னீங்க?”

“பேரத் தமிழ்லயா அடிச்ச?”

“தமிழ்லதான்க்கா. ரிப்போர்ட்ல பேரு தமிழ்லதான வரணும்?”

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. நம் ஊரில் ஒரே கீபோர்டில் இரண்டு மொழி அடிக்கிறோம். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலம் தமிழாக மாறும், மறுபடி அழுத்தினால் ஆங்கிலம். வழக்கமாக அவள் பெயரை முடித்துவிட்டு, வயதையும் பரிசோதனையையும் ஆங்கிலத்தில் பதிந்த பிறகுதான் எழுவாள். அன்று பெயரின் நடுவிலேயே எழுந்துவிட்டாள். பூட்டு விழுந்தபோது கீபோர்டு தமிழில் இருந்தது. பூட்டிய பிறகும் தமிழிலேயே இருந்தது. அவள் எச் அழுத்தினால் கணினிக்கு அது க. ஜே அழுத்தினால் ப. அவள் சரியான விசைகளைத்தான் அழுத்தினாள். கணினிக்குப் போய்ச் சேர்ந்தது வேறு. திரையில் எழுத்தே தெரியாத பூட்டு என்பதால் அவளுக்கு அது தெரியவும் வழியில்லை. அந்தப் பூட்டை எழுதியவருக்கு ஒரே மொழி கீபோர்டுதான் பழக்கம் போலும். இப்படி ஒன்று நடக்கும் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார். நினைத்திருக்க வேண்டியவள் நான். ஆங்கிலத்தில் வைத்துத்தான் நானும் சோதித்திருந்தேன்.

“ஷமீமா, தமிழ்லேர்ந்து இங்கிலீஷுக்கு மாத்துவ இல்ல, அந்த ரெண்டு கீய அழுத்து. ஸ்கிரீன்ல ஒண்ணும் மாறாது, பயப்படாத. இப்ப பாஸ்வேர்ட அடி. மெதுவா.”

விசைச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மூச்சு.

“தொறந்துச்சுக்கா! அந்த அம்மா பேரு பாதியில அப்டியே நிக்குது!”

என் கணினியில் அடித்து வைத்திருந்த கட்டளையை அழித்தேன்.

இங்கேயே நிறுத்தினால் இது நல்ல கதையாக இருக்கும். ஆனால் உரிமையாளர் போனைத் திரும்ப வாங்கிச் சொன்னது வேறு. “சரி, தொறந்துச்சு. ஆனா தகராறு பண்ணிடுச்சு இல்ல? சாயங்காலம் வந்து பூட்ட எடுத்துக்கினு போ. அந்தப் பொண்ணையும் நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிடறேன்.”

சாயங்காலம் வரை காத்திருக்க நான் தயாராக இல்லை. அடுத்த பஸ்ஸில் ஏறினேன். முதலாளியிடம், “வாடிக்கையாளர் கோவிச்சிக்கினாலும் கோவிச்சிப்பாரு சார், போய்ப் பேசிட்டு வர்றேன்” என்று மட்டும் சொன்னேன்.

போய்ச் சேர்ந்தபோது கூட்டம் குறைந்திருந்தது. ஷமீமா தலையைத் தூக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நேரே உரிமையாளரின் அறைக்குள் போனேன்.

“தப்பு என்னோடது சார். தமிழ் கீபோர்டுல வெச்சிப் பூட்டிப் பாக்காம குடுத்துட்டேன். இனிமே அது வராது, சரி பண்ணித் தரேன். ஷமீமா நான் சொன்னத அப்டியே செஞ்சா. அவ்ளோதான்.”

“அதெல்லாம் எனக்கும் புரியுதும்மா. ஆனா கண்டாச்சிபுரத்துக்காரங்க கிட்ட வார்த்த குடுத்துட்டேன். ஆளத் தூக்கிட்டேன்னு சொன்னாதான் அடங்குவாங்க. தொழில்னா அப்டித்தான்.”

வாசலில் யாரோ மருத்துவமனைக்காரர் வந்து அழைத்தார். “இரு, வர்றேன்” என்று உரிமையாளர் எழுந்து போனார்.

அவருடைய கணினித் திரை பக்கவாட்டில் திரும்பியிருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து தெளிவாகத் தெரிந்தது. ஒருவருடைய முடிவு. பெயர், ஊர், வயது, என்ன நோய் என்று எல்லாமே. நான் பார்க்க நினைக்கவில்லை. கண் முன்னால் இருந்ததைக் கண் படித்துவிட்டது. கையை நீட்டி அவருடைய கீபோர்டில் பூட்டு விசையை அழுத்தினேன்.

திரும்பி வந்தவர் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு மேலே மின்விசிறியைப் பார்த்தார். “இன்னாம்மா, கரன்ட் போச்சா? ஃபேன் ஓடுதே?”

“கரன்ட் போகல சார். நான் பூட்டிட்டேன்.”

“என் சிஸ்டத்தையா?”

“ஒருத்தரோட ரிப்போர்ட்டத் தொறந்து வெச்சிட்டு எழுந்து போய்ட்டீங்க. நான் வெளியாளு, எதிர்லயே உக்காந்துக்கினு இருக்கேன். முழுசாப் படிச்சிட்டேன் சார். அவங்க ஊரு எனக்குத் தெரிஞ்ச ஊரா இருந்தா?”

“நான் ஓனரும்மா.”

“ரிப்போர்ட்ல பேரு இருக்கறவங்களுக்கு, எழுந்து போனது ஓனரா கவுண்டர் பொண்ணான்னு இன்னா சார் வித்தியாசம்? இப்ப சொல்லுங்க. யார நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லலாம்?”

இந்த ஒரு வாக்கியத்தால் நம் அலுவலகம் ஒரு வாடிக்கையாளரை இழக்கலாம் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொல்லாமல் எழுந்து வந்திருந்தால், இந்த வேலையில் நான் வெறும் ஒயர் மாட்டுகிற ஆள் என்று நானே ஒத்துக்கொண்டதாகும்.

அவர் உட்கார்ந்து கடவுச்சொல்லை அடித்தார். சிவப்பு. மறுபடி அடித்தார். சிவப்பு. அந்த நேரம் பார்த்து ஷமீமா கையெழுத்துக்காகத் தாளோடு வாசலில் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“சார், மறந்துட்டீங்களா?”

“மறக்கலம்மா!” என்று அவர் கத்தினார். கத்திய வேகத்தில், காலையில் அதே வார்த்தையை அவள் எப்படிச் சொன்னாள் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கை அப்படியே நின்றது.

“கேப்ஸ் லாக் எரியுது சார்” என்றாள் ஷமீமா, முகத்தில் சிரிப்பு வராமல் பிடித்துக்கொண்டு.

திரை திறந்தது. அவர் போனை எடுத்துக் கண்டாச்சிபுரத்துக்கு அழைத்தார். எங்கள் இருவர் முன்னாலேயே பேசினார். “தப்பு எங்க லேப்போடதுங்க. அந்த எடத்துல யார் உக்காந்திருந்தாலும் அதுதான் நடந்திருக்கும். பொண்ணு மேல போட்டது தப்பு. அவள நான் நிறுத்தப் போறதில்ல. எது கேக்கறதா இருந்தாலும் என்னக் கேளுங்க.” அந்தப் பக்கம் கேட்டார்கள். நிறையவே கேட்டார்கள். அவர் வாங்கிக்கொண்டார். கடைசியில், “உங்க வீட்டு மருமக கிட்டக் குடுங்க, நானே மன்னிப்புக் கேக்கறேன்” என்றார். அவர்கள் கொடுக்கவில்லை.

அந்த மருமகளுக்கு நடந்ததை எந்தப் பூட்டும் திருப்பி எடுக்காது. இதையும் நீங்கள் மறக்கக் கூடாது. ஒருவரின் வேலையைக் காப்பாற்றினோம் என்று நாம் மகிழலாம்; ஆனால் நாம் வருவதற்கு முன்பே இன்னொருத்தியின் செய்தி தெருவுக்குப் போய்விட்டிருந்தது.

ஷமீமா அங்கேயே வேலையில் நீடித்தாள். சான்றிதழுக்கு வேண்டிய காலத்தை முடித்து அதை வாங்கிக்கொண்டாள். இப்போது அதே நிலையத்தில், கவுண்டரில் அல்ல, உள்ளே மெஷினில் வேலை பார்க்கிறாள்.

பூட்டில் நான் செய்த மாற்றம் சின்னது. திரை பூட்டும்போது கீபோர்டு தானாக ஆங்கிலத்துக்கு வரும். திறந்ததும் எந்த மொழியில் விட்டீர்களோ அந்த மொழிக்கே திரும்பும். பாதியில் நின்ற பெயரை அப்படியே தொடரலாம். கேப்ஸ் லாக் போட்டிருந்தால் சிவப்புக்குப் பதில் மஞ்சள் வரும். எட்டிப் பார்ப்பவனுக்கு இப்போதும் ஒன்றும் தெரியாது. முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் எது தவறு என்று தெரியும்.

அந்த மாற்றத்தைப் பூட்டின் மூல ஆசிரியருக்கு அனுப்பினேன். என் ஆங்கிலத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி, நம் ஊரில் எப்படி அடிக்கிறோம் என்று விளக்கி எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. எளிய பூட்டு எளிமையாகவே இருக்க வேண்டும். பூட்டுவதற்கு முன் கீபோர்டை மாற்றிக்கொள்வது பயன்படுத்துபவரின் பொறுப்பு என்று எழுதியிருந்தார். அவர் கெட்டவர் அல்ல. அவருடைய பூட்டு இல்லாமல் என்னுடையது இல்லை. ஆனால் பழியை எழுந்து போனவள் மேலேயே போடும் அந்தப் பேச்சை நான் விழுப்புரத்தில் கேட்டுவிட்டு வந்தவள்.

அதனால் என் மாற்றங்களோடு அதைத் தனிப் பூட்டாக, என் முழுப் பெயரில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டுவிட்டேன். நீங்கள் நாளை கணினிகளில் நிறுவப்போவது அதைத்தான். முதல் பிழைப் புகாரும் வந்துவிட்டது. எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர், தன் மொழிக் கீபோர்டில் அது திறக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். பூட்டுவதற்கு முன் என்ன அடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டு இன்று காலையிலேயே பதில் போட்டுவிட்டேன்.